கேமரன் மலையில் பெட்ரோல் போடுவது எப்படி

மலேசியாவில் பெட்ரோல் பங்க்கில் நம்மை யாரும் கண்டுகொள்வதில்லை. முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது அதற்குத்தான்.

துறையூரில் நான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். வண்டி விஷயத்தில் எனக்கு எவரும் பாடம் எடுக்க முடியாது என்கிற நினைப்பு கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, வண்டி வண்டியாக உண்டு என்பாள் என் மனைவி சரோஜா. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க நாங்கள் இருவரும் போயிருந்தோம். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "என்கூட வேலை பாக்குற ஜெனிபரோட அப்பா அம்மா கேமரன் மலையில தேயிலைத் தோட்டத்துல இருக்காங்கப்பா. என் காரை எடுத்துக்கிட்டுப் போய் ரெண்டு மூணு நாள் இருந்துட்டு வாங்க. ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க" என்று சொல்லிச் சாவியைக் கையில் திணித்துவிட்டாள்.

மலையேறும் முன் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம் என்று அடிவாரத்தில் ஒரு பங்க்கில் நுழைந்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துறையூராக இருந்தால் இந்நேரம் ஒருவன் ஓடி வந்து மூடியைத் திறந்திருப்பான், "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்று குரல் கொடுத்திருப்பான். இங்கே ஈ, காக்கா இல்லை. எனக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இரண்டு பேரும் சத்தமே போடாமல் காத்திருந்தார்கள்.

"யாரும் வர மாட்டேங்குறாங்களே, கடை லீவா?" என்றாள் சரோஜா. நான் ஹார்ன் அடித்தேன். ஒரு தரம் அல்ல, நம்ம ஊர்க் கணக்குக்கு நாலைந்து தரம். பங்க்கில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துப் பம்பில் நின்ற, தலையில் துணி கட்டிய ஒரு மலாய்ப் பெண்மணி வந்து, எனக்குப் புரிகிற ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார். முதலில் கடைக்குள் போய்ப் பம்பு எண்ணைச் சொல்லிக் காசு கட்டணும், பிறகு வந்து நாமேதான் ஊற்றிக்கொள்ளணும். எல்லாம் சொல்லிவிட்டு, என் ஹார்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்.

உள்ளே போனேன். கல்லாவில் இருந்த பெண் "ஐசி?" என்று கேட்டாள். அடையாள அட்டையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். என்னிடம் பாஸ்போர்ட்தான் இருந்தது. உள்நாட்டுக் குடிமக்களுக்குச் சலுகை விலை, அட்டையைச் செருகினால்தான் அது கிடைக்கும், வெளிநாட்டுக்காரருக்கு முழு விலை என்றாள். சரிதான், அவரவர் நாடு, அவரவர் சலுகை என்று கட்டிவிட்டு வெளியே வந்தால், என் பம்பில் ஒன்றும் வரவில்லை. அடுத்த பம்பில் ஒரு சீனத்து அம்மாள் காசே கட்டாமல் பெட்ரோல் வருவதைப் பார்த்துத் திகைத்து நின்றார். நான் பம்பு எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டிருக்கிறேன். அந்த அம்மாளே உள்ளே போய்க் கணக்கைச் சரிசெய்துவிட்டு, போகும்போது என்னிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். தப்புப் பண்ணியது நான்.

இத்தனைக்கும் பிறகு பார்த்தால் டாங்க் மூடி காரின் மறுபக்கத்தில் இருந்தது. சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காரைத் திருப்பி நிறுத்தி ஊற்றி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

மலைமேல் பிரிஞ்சாங் டவுனைத் தாண்டி, கம்போங் ராஜா போகிற சாலையில் தோட்டத்துக்குப் பிரியும் முனையில் ஜெனிபரின் அப்பா சவரிமுத்து அண்ணன் மோட்டாரில் காத்திருந்தார். அங்கே பைக்கை மோட்டார் என்கிறார்கள். ஒல்லியான மனிதர், ஸ்வெட்டருக்கு மேல் ஒரு ரெயின்கோட்டு. "வாங்கண்ணே, வாங்கக்கா. ரோடு சின்னது, மெதுவா என் பின்னாலயே வாங்க" என்று முன்னால் போனார். அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். இருந்தாலும் கடைசி வரை அவர் என்னை அண்ணே என்றார், நான் அவரை அண்ணே என்றேன்.

தேயிலைத் தோட்டம் என்றால் கூடை சுமந்த பெண்கள் வரிசையாகக் கொழுந்து கிள்ளுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒருத்தரும் இல்லை. இரண்டு ஆண்கள் ஒரு நீள இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, முடிவெட்டுகிற மாதிரி செடியின் தலையைச் சீவிக்கொண்டே போனார்கள். வங்காளதேசத்துப் பையன்கள் என்றார் சவரிமுத்து. அவர் இந்தத் தோட்டத்து ஃபேக்டரியில்தான் கொழுந்து வாட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். இப்போது பக்கத்துக் காய்கறிப் பண்ணையில் தக்காளி தரம் பிரிக்கிறார். வீடு இன்னும் தோட்டத்து லயத்தில்தான், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று.

அவர் மனைவி செலின் அக்கா எங்களுக்காகக் கோழிக் கறி வைத்திருந்தார். கூடவே மிளகாய் விழுதில் பிரட்டிய நெத்திலி சம்பல், பூண்டு போட்டு வதக்கிய கீரை. வெளியே பனி இறங்கிக்கொண்டிருக்க, ஆவி பறக்கும் சோற்றில் அந்தச் சம்பலைப் பிசைந்து சாப்பிட்டது இன்னும் நாக்கில் இருக்கிறது. சரோஜா மூன்று தரம் கேட்டுப் பக்குவத்தை வாங்கிக்கொண்டாள். தோட்டத்து வீட்டில் நல்ல டீ கிடைக்கும் என்று ஆசையாக இருந்தேன், வந்தது கெட்டிப் பால் ஊற்றிய சாயத் தண்ணீர்தான். நல்ல தூளெல்லாம் டவுனில் டூரிஸ்ட் வாங்கிக் குடிப்பதாம்.

சாப்பிடும்போது என் பங்க் கதையைச் சரோஜா விஸ்தாரமாக எடுத்துவிட்டாள். சவரிமுத்து அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஹார்ன் அடிச்சீங்களாண்ணே? எண்ணெ ஊத்துற எடத்துல? அடக் கடவுளே" என்றார். பெட்ரோலை அவர்கள் எண்ணெய் என்றே சொல்கிறார்கள்.

"நீங்க எப்படி அண்ணே, அட்டையைப் போட்டு ஊத்திக்குவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பு நின்றது. சம்பலை எடுத்துப் போட்டுக்கொண்டார். செலின் அக்காதான் பேசினார். "அவருக்கு நீல ஐசி வந்து ரெண்டு வாரமாச்சுண்ணே. இன்னும் பம்புல போட்டுப் பாக்கல. சட்டைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டே திரியுறாரு லா."

அந்த 'லா' அவர்கள் ஊர்ப் பேச்சு வழக்கு என்று தெரியும், மற்றது எனக்கு விளங்கவில்லை. செலின் அக்கா விளக்கினார். இங்கே குடிமக்களுக்கு நீல அட்டை. குடியிருக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் குடிமகன் இல்லை என்றால் சிவப்பு அட்டை. சவரிமுத்து இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார். பிரசவத்தில் அவர் அம்மா இறந்துவிட்டார். அந்தத் துக்கத்தில் பிள்ளையின் பிறப்பை யாரும் போய்ப் பதியவில்லை. அப்பாவும் சீக்கிரமே போய்விட்டார். அதனால் அறுபது வயது தாண்டியும் கையில் சிவப்பு அட்டை. மனைவிக்கு நீலம், பிள்ளைகளுக்கு நீலம், இவருக்கு மட்டும் சிவப்பு. மனுப் போட்டுப் போட்டு, இப்போதுதான் கூப்பிட்டுச் சத்தியப் பிரமாணம் செய்ய வைத்து நீல அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள்.

"கொடுத்துட்டாங்கதானே அண்ணே, அப்புறம் என்ன தயக்கம்?" என்றேன்.

"கையில கொடுத்துட்டாங்கண்ணே. மெஷின் ஒத்துக்கணுமே" என்றார் சவரிமுத்து. "இந்த எண்ணெ சலுகை வந்ததுலேர்ந்து கவுண்டர்ல எனக்கு முழு வெலதான். அந்தப் பிள்ள சத்தமா சொல்லும், பின்னால நிக்குறவனெல்லாம் என் மூஞ்சியப் பாப்பான். நம்மளோட பேக்டரியில வேல செஞ்சவனும் நிப்பான். அதுக்காகவே விடிகாலைல யாரும் இல்லாதப்ப போயி ஊத்திட்டு வந்துருவேன். இப்ப இதையும் போட்டு, மெஷினும் இல்லன்னு சொல்லிருச்சுன்னா? பாக்கெட்லயே இருக்கட்டும், பாக்கெட்ல இருக்குற வரைக்கும் நான் குடிமகன்தான்."

சரோஜா இன்னொரு கரண்டி சோற்றை அவர் தட்டில் வைத்தாள், அவர் வீட்டில், அவர் சோற்றை.

மறுநாள் எங்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவதற்காக அவர் பண்ணைக்கு லீவு போட்டுவிட்டார். செலின் அக்காவுக்கு நர்சரியில் வேலை, வரவில்லை. பள்ளி விடுமுறை. பிரிஞ்சாங் சாலையில் கார்கள் ஆமை வேகத்தில் ஊர்ந்தன. ஒருத்தரும் குறுக்கே நுழையவில்லை, ஒருத்தரும் ஹார்ன் தொடவில்லை. இந்த ஜனங்களைத் துறையூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நாள் விட்டால் என்ன ஆவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சரோஜா ஸ்ட்ராபெர்ரி வாங்கினாள், புளிப்பு தாங்காமல் எனக்குத் தள்ளிவிட்டாள். சாலையோரம் அவித்த சோளம் விற்றார்கள். அது பிரமாதம், இனிப்பான சோளம், அந்தக் குளிருக்குக் கையில் பிடித்திருப்பதே சுகம்.

சவரிமுத்து அண்ணன் மோட்டாரில் முன்னே, நாங்கள் காரில் பின்னே. மத்தியானம் டவுன் பெட்ரோல் பங்க்கைக் கடக்கும்போது எனக்கு மூக்கில் வேர்த்தது. ஹார்ன் அடிக்கக் கூடாது என்பதால் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்து அவரை நிறுத்தினேன். "அண்ணே, உங்க மோட்டார்ல எண்ணெ இருக்கா?" என்றேன்.

"பாதி இருக்குண்ணே."

"அப்ப மீதிப் பாதி எடம் இருக்கு. வாங்க, நாங்க கூட நிக்குறோம்."

"கூட்டமா இருக்குண்ணே. இன்னொரு நாள் பாக்கலாம்."

நான் விடவில்லை. இருபது வருடமாகப் பயந்தவர்களைப் பிடித்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்த பழக்கம். "கையில அட்டை இருக்கு, கவர்மெண்டு முத்திரை இருக்கு, எவன் என்ன சொல்லுவான்? வாங்க" என்று கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் நீல அட்டை. பம்பில் இருந்த துளையில் செருகினார். திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மலாயில் இரண்டு வார்த்தை வந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"தகுதி இல்லையாம்" என்றார்.

அட்டையை எடுத்துத் துடைத்து மறுபடி செருகச் சொன்னேன். அவர் செருகவில்லை. உறைக்குள் போட்டு, கைக்குட்டையில் சுற்றி, பைக்குள் வைத்துக்கொண்டு கடைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். எனக்கும் பெட்ரோல் போட வேண்டியிருந்தது. அதே வரிசையில் அவர் எனக்கு முன்னால் நின்றார். அவர் முழு விலை கட்டினார், அடுத்து நான் முழு விலை கட்டினேன். நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கல்லாவில் இருந்த இளம்பெண் அவரை ஏறிட்டுப் பார்த்து ஏதோ கேட்டாள். அவர் அட்டையை எடுத்துக் காட்டினார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் சொன்னாள். அவள் சொன்னதை அவர் எனக்குத் தமிழில் சொன்னார். "மாமா, இது புது ஐசி. சலுகைக்கு லைசன்ஸையும் சேத்துப் பாக்கும், அதுல இன்னும் பழைய பதிவே இருக்கும் போல. தானா ராத்தா டவுன் லைசன்ஸ் ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க, மாத்திக் குடுப்பாங்க."

"கேட்டீங்களா அண்ணே? அட்டையில குத்தம் இல்ல. லைசன்ஸ்லதான். இப்பவே போவோம்" என்றேன்.

"வேணாம்ணே" என்று மோட்டாரில் ஏறி உட்கார்ந்தார். "ஆபீஸ் ஆபீஸா நடந்தே என் காலு தேஞ்சு போச்சு. அங்க போனா இன்னொரு ஆபீஸச் சொல்லுவான். எனக்கு இது போதும் லா. முழு வெலைய கட்டிட்டுப் போறேன், செத்தா போயிருவேன்?"

சரோஜாதான் காரிலிருந்து இறங்கி வந்தாள். "அண்ணே, நீங்க வரலன்னா நானே தானா ராத்தாவுக்குப் போய்க் கேக்குறேன். எனக்கு மலாயும் தெரியாது, இங்கிலீசும் வராது. அங்க நான் பேசுற பேச்சுல போற மானம் உங்க மானம்தான், பாத்துக்குங்க."

சவரிமுத்து அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இந்த அக்கா செய்யும் போலருக்கே" என்றார் என்னிடம்.

"நிச்சயமா செய்வா" என்றேன். அனுபவத்தில் சொன்னேன்.

தானா ராத்தா அலுவலகத்தில் எதிர்பார்த்த ரகளை எதுவும் இல்லை. டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அலுவலர் அட்டையையும் லைசன்ஸையும் வாங்கி, கணினியில் தட்டி, அவர் கட்டைவிரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார். விரல் ரேகை முதலில் விழவில்லை. வருடக்கணக்காகக் கொழுந்து தேய்த்த விரல். அலுவலர் ஒரு ஈரத் துணியைக் கொடுத்துத் துடைத்து, மறுபடி, மறுபடி என்று வைக்கச் சொன்னார். ஒவ்வொரு தரமும் சவரிமுத்து அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் விழுந்தது. மாற்றியாகிவிட்டது, நாளைக் காலையில் போட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மழை விடும் வரை எதிரே ஒரு கடையில் ஒதுங்கினோம். ரொட்டி சானாயும் டீயும் வந்தன. நம்ம பரோட்டாவுக்குச் சின்னம்மா மகன் அது, பருப்புக் குழம்போடு தருகிறார்கள். சவரிமுத்து அண்ணன் சாப்பிடாமல் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்க ஊர்ல எண்ணெ ஊத்த என்னண்ணே காட்டணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் காட்ட வேண்டாம். காசு குடுத்தாப் போதும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டார். "சின்ன வயசுல ஒருத்தன் கூட சண்ட வந்துச்சுண்ணே. இந்தியாவுக்குப் போடான்னான். எனக்கு இந்தியாவுல ஒரு ஆளத் தெரியாது. போனா எங்க எறங்குறதுன்னு தெரியாது. அன்னைக்கு ராத்திரி பூரா அதையேதான் யோசிச்சேன், எறங்கி எந்தப் பக்கம் நடக்குறதுன்னு." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்பவாச்சும் உங்களத் தெரியும்."

"துறையூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி யாரையாவது கேளுங்க, நம்ம ஸ்கூல காட்டுவாங்க" என்றேன். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று பயந்து டீயை எடுத்துக் குடித்தேன்.

அன்று இரவு அவர் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மகள்கள் போனில் கூப்பிட்டார்கள், எல்லோரும் மாறி மாறிச் சோளத்தைப் பற்றியும் குளிரைப் பற்றியும் பேசினோம். ஜெனிபர் கேட்டிருப்பாள் போல. "நாளைக்குப் பாக்கலாம் ம்மா" என்று மட்டும் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

மூன்றாம் நாள் காலை நாங்கள் கிளம்ப வேண்டும். செலின் அக்கா பை நிறையக் கீரையும் தக்காளியும் கட்டினார். போகிற வழியில் எதற்கு என்று சரோஜா சொல்லச் சொல்ல, ஒரு முட்டைக்கோஸையும் காலடியில் உருட்டிவிட்டார். பிறகு சர்ச்சுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, மேலே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து மோட்டார் பின்னால் ஏறினார். "டவுன் வரைக்கும் வந்து வழியனுப்புறோம்" என்றார். எதற்கு வருகிறார்கள் என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும்.

பங்க்கில் அந்நேரத்துக்கே வண்டிகள் இருந்தன. சவரிமுத்து அண்ணன் மோட்டாரை நிறுத்தி, டாங்க் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிப் பார்த்தார். "நேத்து ஊத்துனது அப்படியே கெடக்கு. கொஞ்சம்தான் எடம் இருக்கு" என்றார்.

"கொஞ்சமே ஊத்துங்க" என்றார் செலின் அக்கா.

நான் கடைக்குள் போய்க் காசு கட்ட வேண்டியவன். போகவில்லை. காரை அடுத்த பம்பில் நிறுத்திவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். சரோஜாவும் இறங்கி வந்துவிட்டாள். ஒரு மோட்டாருக்கு எண்ணெய் ஊற்ற நாலு பேர்.

கைக்குட்டை, உறை, அட்டை. செருகினார். திரை மாறியது. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. செலின் அக்காவின் உதடு அசைந்தது, ஜெபம் சொல்கிறார் என்று தெரிந்தது. நானும் எங்கள் குலசாமியைக் கூப்பிட்டேன், கருப்பனுக்கு மலாய் தெரியுமா என்று யோசிக்காமல். வட்டம் நின்றது. நேற்றைவிட நீளமாக ஒரு வரி வந்தது. சவரிமுத்து அண்ணன் அதைப் படித்தார். பிறகு மறுபடி படித்தார்.

"என்னண்ணே?" என்றேன்.

செலின் அக்கா எட்டிப் பார்த்தார். "தகுதி இருக்குன்னு வந்துருச்சு. பேங்க் கார்டப் போடச் சொல்லுதுங்க, போடுங்க" என்றார். குரல் உடைந்துவிட்டது. சரோஜா அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

அவர் பேங்க் கார்டைப் போட்டார். மஞ்சள் குழாயை எடுத்து டாங்கில் விட்டார். நாலு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, க்ளக் என்று நின்றுவிட்டது. அவ்வளவுதான் இடம் இருந்தது. யாரும் கைதட்டவில்லை, மணி அடிக்கவில்லை, கடைக்குள் இருந்த பெண் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சவரிமுத்து அண்ணன் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றார். முடிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றவில்லை போலும். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, அதைத் துடைக்கவும் ஒரு கை இல்லை, ஒன்றில் குழாய், ஒன்றில் மூடி.

அவருக்குப் பின்னால் ஒரு காய்கறி வேன் காத்திருந்தது. வழக்கம்போலச் சத்தமில்லாமல்தான் காத்திருந்தது. ரொம்ப நேரம் ஆகிவிட்டதால் வேன்காரர் இறங்கி வந்தார். எங்கள் வயதுள்ள மலாய்க்காரர். சவரிமுத்து அண்ணனைப் பார்த்தார், காரையும் என்னையும் சரோஜாவின் சேலையையும் பார்த்தார், வெளியூர்க் கூட்டம், ஊற்றத் தெரியாமல் விழிக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டார். மிக மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல, கையைக் காட்டிக் காட்டிப் பேசினார். செலின் அக்கா எங்களுக்குக் கிசுகிசுத்தார். "குழாய இங்க மாட்டணுமாம். அப்புறம் மூடிய இறுக்கித் திருகணுமாம். அப்புறம் ரசீது இந்த எடத்துல வருமாம்."

சவரிமுத்து அண்ணன் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். அவர் சொன்ன இடத்தில் குழாயை மாட்டினார். சொன்னபடி மூடியை இறுக்கித் திருகினார். வேன்காரருக்குத் திருப்தி. போகிற போக்கில் சிரித்த முகமாக ஒரு கேள்வி கேட்டார். "ஓராங் மானா?" எந்த ஊர்க்காரர் என்று அர்த்தமாம்.

சவரிமுத்து அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அட்டையை வெளியே எடுக்கவில்லை, பையைத் தொடக்கூட இல்லை.

"ஓராங் சினி" என்றார். இந்த ஊர்க்காரன்.

வேன்காரர் முகத்திலிருந்த பொறுமையெல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. கையை வீசி ஏதோ வேகமாகச் சொன்னார். செலின் அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

"என்னக்கா சொல்றாரு?" என்றாள் சரோஜா.

"இந்த ஊருதான்னா அப்புறம் என்னத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டிருக்க, தள்ளு, எனக்கு நேரமாச்சுங்குறாரு."

சவரிமுத்து அண்ணன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மோட்டாரைத் தள்ளி ஓரமாக நிறுத்தினார். வேன்காரர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் அட்டையைச் செருகினார்.